மீட்டர் முள்

"முள்ளு பன்னெண்டைத் தொட்டிருச்சு! இந்தப் பிரின்சிப் பிள்ளை கை பட்டா மெஷினுக்கே ரோஷம் வருதே, ஜோதி!"

ஜெபமணி, கார்ப்பெட்டிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் மெஷின் மேலிருந்த இழுவை மீட்டரைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தேனியில் கார்ப்பெட் கழுவிக் கொடுக்கும் கம்பெனி அவருடையது. இன்று கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மேடை. நேற்றைய விருந்தில் யாரோ திராட்சை ஜூஸைக் கவிழ்த்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே சிவப்புக் கார்ப்பெட்டில் அடுத்த ஜோடி நிற்க வேண்டும்.

"ஆமா சார்," என்றாள் ஜோதிலட்சுமி. வாய் மட்டும் சிரித்தது.

பழைய மெஷினை ஆறு வருஷம் தள்ளி அவள் உள்ளங்கை காய்த்திருந்தது. பிரின்சி வந்து ஆறே வாரம். புது மெஷின் அவளுக்கு. குமுளி ரிசார்ட்டுக்காரர்கள் போன் செய்தால் பிரின்சியைத்தான் கேட்கிறார்கள். மலையாளம் வேறு பேசுகிறாளே. அங்கே ஒருவரை நிரந்தரமாகப் போடப் போகிறார் ஜெபமணி. இன்று மேடை காய்ந்ததும் யார் என்று சொல்வார்.

அதனால்தான் மதியம் பிரின்சி சாப்பிட்டுக் கை கழுவப் போன நேரத்தில், ஜோதிலட்சுமி ஓஸ் குழாயின் இணைப்பைக் கழற்றி, துடைக்கிற துணியொன்றை உள்ளே திணித்துத் திரும்ப மாட்டினாள். காற்று ஓடினால்தான் தண்ணீர் மேலே வரும். காற்றை நெரித்துவிட்டால் கார்ப்பெட் சொதசொதவென்று கிடக்கும். பிரின்சியின் பவுசு தெரிந்துவிடும்.

ஒன்றை மறந்துபோனாள். குழாய் அடைத்தால் முள் ஏறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழாய் வாயை உள்ளங்கையால் பொத்தி அவளே பார்த்த வேடிக்கைதான். கை ஒட்டிக்கொண்டது, முள் துள்ளியது, தண்ணீர் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. ஜெபமணிக்கு அதெல்லாம் தெரியாது. முள் ஏறினால் வேலை சுத்தம், அவ்வளவுதான்.

"நீ எட்டைத் தாண்டி ஏத்தினதே இல்லையே," என்றார். "குமுளிக்காரக சும்மாவா இவளைக் கேக்குறாக! சரி, டீ குடிச்சிட்டு வாரேன்."

அது அடைப்பு சார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எங்கே அடைப்பு என்று கேட்பார். தான் திணித்த துணிக்கு இன்னொருத்திக்குப் பாராட்டு.

மெஷின் மூச்சுமுட்டியதுபோல் கீச்சிட்டது. பிரின்சி அதை அணைத்துவிட்டு, செருப்பில்லாமல் மேடையில் நடந்து பார்த்தாள். கால்விரல் இடுக்குகளில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. கீழே பூ அலங்காரக்காரர்கள் கூடைகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"அக்கா..." பிரின்சியின் குரல் உடைந்தது. "முள்ளு ஏறுது, தண்ணி வரமாட்டேங்குது. சார் பாராட்டுறாக, எனக்குப் பயமா இருக்கு."

இரண்டு கையாலும் ஓஸைத் தூக்கி ஜோதிலட்சுமியிடம் நீட்டினாள்.

"உங்களை விட்டா இங்கன யாருக்குத் தெரியும்? சார் வாரதுக்குள்ள நீங்களே இதைக் கழட்டிப் பாருங்கக்கா."