நாலு டிகிரி வித்தியாசம்

தஞ்சோங் பகார்த் துறைமுகத்தில் கப்பல் சாமான் விற்கும் வேலாயுதம், பத்துத் தெர்மாமீட்டர்களை எங்கள் பள்ளிக்கூட மேசையில் பரப்பினார். நான் ஐஸ் வாளியை இழுத்து வைத்தேன்.

"எதுக்கு டீச்சர் ஐஸு?"

"எது பொய் சொல்லுதுன்னு பாக்கத்தான்."

ஸ்பிரிட் ஊற்றிய சிவப்புக் குழாய் நாலையும் முதலிலேயே ஒதுக்கினேன். கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் வெடித்துவிடும். மிச்சம் ஆறும் பாதரசம். ஃபாரன்ஹீட் கணக்கில், உருகும் ஐஸில் முப்பத்திரண்டு காட்ட வேண்டும், கொதிக்கும் தண்ணீரில் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றாகச் செருகினேன். தேறியது மூன்றுதான்.

"பொண்ணு பாக்க வர்ற மாமியார்கூட இவ்வளவு கொறை சொல்லமாட்டா," என்றார் வேலாயுதம்.

சொல்லட்டும். 1909இல், சிரங்கூன் ரோட்டில் இருந்த எங்கள் பெண்கள் பள்ளிக்கு நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய விஞ்ஞான வகுப்பு அது. வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம். கமிட்டித் தலைவர் இராஜரத்தினம் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் வகுப்பு நடக்கும். இல்லையென்றால் அந்த ஒரு மணியும் தையலுக்குப் போய்விடும்.

அவர் வந்தார், கோட்டும் தலைப்பாகையுமாக. பன்னிரண்டு வயதுப் பூவம்மா எழுந்து, சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொன்னாள்: "எண்பத்தெட்டு டிகிரிங்க ஐயா."

இராஜரத்தினம் பையிலிருந்து பித்தளைத் தகடு வைத்த தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்தார். "இது லண்டனில இருந்து எடுப்பிச்சது. இருவது வருஷமா என்ரை வீட்டில இருக்கு." அதையும் பக்கத்தில் மாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் பார்த்தோம். அவருடையது காட்டியது எண்பத்துநாலு.

"பிள்ளை பிழையாப் பாத்திட்டுது," என்றார் அவர்.

"இல்லீங்க ஐயா, எண்பத்தெட்டுதான்," என்றாள் பூவம்மா.

கிட்டே போய்ப் பார்த்தேன். அவருடைய குழாயைத் தகட்டோடு கட்டியிருந்த கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. குழாய் கீழே சறுக்கியதால் நாலு டிகிரி குறைவாகக் காட்டியது. மூலையில், அவருக்கு எலுமிச்சைச் சர்பத் கலக்க வாங்கிய ஐஸ் வாளியில் இருந்தது. அதில் இரண்டையும் வைத்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பூவம்மாவும் அந்த வாளியைப் பார்த்துவிட்டாள். "டீச்சர், அதான் ஐஸ் இருக்கே? ரெண்டையும் போட்டுப் பாப்போமா?"

தலைமையாசிரியை குணமணி என் முழங்கையைப் பிடித்தார். "மங்களம், சும்மா இரும். அவர் கோவிச்சா வகுப்பு போச்சு," என்றார் காதோடு.

ஒரு பொய் சொன்னால் வகுப்பு மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன்.

"ஐயாவோடதுதான் சரி," என்றேன். "நான் வாங்கினது மலிவுச் சாமான். கொஞ்சம் கூடக் காட்டுது."

பூவம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, தன் சிலேட்டில் குறித்திருந்த எண்பத்தெட்டை உள்ளங்கையால் அழித்துவிட்டு எண்பத்துநாலு என்று எழுதினாள்.

ஐஸ் சர்பத்துக்குள் போனது. அவர் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, "நல்ல பிள்ளையள்," என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் கமிட்டியின் கடிதம் வந்தது. அதில் துளி கோபம்கூட இல்லை. கருவிகள் பிழையாகக் காட்டுவதாக ஆசிரியையே ஒப்புக்கொண்டிருக்கிறார். தவறான கருவியை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது முறையல்ல. எனவே வகுப்பு நிறுத்தப்படுகிறது. தெர்மாமீட்டர்களை ஆண்கள் பள்ளிக்கு அனுப்பவும். அங்குள்ள மாஸ்டர் சரிபார்த்துக்கொள்வார்.

மாஸ்டர் சரிபார்த்தும்விட்டார். ஒரு மாதம் கழித்து வேலாயுதம் ஒரு பெட்டியும் சாக்கு மூட்டையுமாக வராந்தாவில் வந்து நின்றார்.

"அந்த மூணும் அச்சு அசலா காட்டுதாம், டீச்சர். அதே மாதிரி இன்னும் ஆறு வேணுமாம் பையன்க பள்ளிக்கூடத்துக்கு. எனக்கென்ன தெரியும்? நீங்கதான் பொறுக்கித் தரணும்." சாக்கை அவிழ்த்தார். "பாருங்க, ஐஸுகூடக் கொண்டாந்துட்டேன்."

உள்ளே தையல் வகுப்பு. ஜன்னலோரம் பூவம்மா குனிந்து துணியின் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

முதல் தெர்மாமீட்டரை எடுத்து ஐஸில் செருகிக் காத்திருந்தேன். முப்பத்தாறில் நின்றது.

"இது பொய் சொல்லுது," என்றேன். "தூரப் போடுங்க."