படியேறி வந்த நலம்விரும்பி

லிஃப்டின் அபாய மணி அலறியது.

கரண்டியைப் போட்டது போட்டபடி அவள் வாசலுக்கு ஓடினாள். பெட்டி இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றிருந்தது. உள்ளே மாமியார்.

"அத்தை, கதவைத் தள்ளாதீங்க."

"நான் எங்கம்மா தள்றேன், இதுதான் என்னைத் தள்ளிக்கிட்டிருக்கு."

பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி மேலே வந்து திறந்தது. காய்ப்பையோடு வெளியே வந்த மாமியாரை அவள் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "கதவு சென்சார் கோளாறா இருக்கும். பயப்பட ஒண்ணுமில்ல."

"பயமா? உன் சிநேகிதரைத்தான் கேக்கணும். கீழ பார்த்தப்போ லிஃப்ட்ல வாங்கன்னு கூப்பிட்டேன். நடந்தே வரேன்னுட்டாரு."

அதற்குள் படிக்கட்டில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் அவர். கையில் பழக்கூடை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அஞ்சு மாடி சார்," என்றாள்.

"உடம்புக்கு நல்லதும்மா."

அவள் லிஃப்ட் ஆய்வாளர். அவள் கையெழுத்து இல்லாமல் அந்த ஊரில் எந்தப் புது லிஃப்டும் ஓடாது. போன வருடம் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் இவர் கார்டு கொடுத்தார். அப்படிக் கார்டு கொடுப்பவர்கள் கோப்பை காய்வதற்குள் முகத்தை மறந்துவிடுவார்கள். இவர் மறுநாள் காலையே நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார். பேச்சுவாக்கில் அவள் சொன்ன மாமியாரின் முட்டிவலியை நினைவு வைத்திருந்து டாக்டரை ஏற்பாடு செய்தார். கணவனுக்கு வேலை போனபோது நண்பர் அலுவலகத்தில் சேர்த்துவிட்டார். பதிலுக்கு ஒன்றும் கேட்டதில்லை. பழக்கத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என அவளே அலுவலகத்தில் சொல்லியிருக்கிறாள். கணவன் வைத்த பெயர் 'நலம்விரும்பி'.

"பெத்த பிள்ளை ஒரு நாள் கேக்கல, முட்டி எப்படி இருக்குன்னு," என்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் மாமியார் ஆரம்பித்தார்.

"அதான் எனக்கும் சேர்த்து இவரு கேக்கறாரே," என்றான் கணவன்.

நலம்விரும்பி சிரித்துக்கொண்டே காபியை உறிஞ்சினார். "நேத்து புது ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்த்தீங்களாமே மேடம்?"

அந்தச் சோதனையைப் பற்றி வீட்டில்கூட அவள் வாய் திறக்கவில்லை. முழுப் பாரம் ஏற்றி நிறுத்திப் பார்த்தபோது, பிரேக் பிடித்தும் பெட்டி நிற்காமல் கீழே வழுக்கிக்கொண்டே போனது. நாளை அறிக்கை கொடுக்க வேண்டும். அவள் சரி என்று எழுதினால் அதே பெட்டியில் நோயாளிகளைப் படுக்கையோடு ஏற்றுவார்கள்.

"யார் சொன்னா சார்?"

"அந்த பிரேக் என் கம்பெனி சரக்கு. கார்டுல ஆலோசகர்னு மட்டும்தான் போடுவேன். நீளமா எழுதினா யார் படிக்கறா?"

கணவன் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இதுவரைக்கும் உங்ககிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா?"

"இல்ல சார்."

"இப்பவும் கேக்கல. நிதானமா எழுதுங்கன்னுதான் சொல்றேன்."

"வழுக்கினதை வழுக்கலன்னு எழுத எனக்குக் கை வராது சார்."

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. கோப்பையை ஓசைப்படாமல் வைத்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பினார். "அம்மா, டாக்டர் இன்னிக்கு இருக்காரு. கார் கீழ நிக்குது, போயிட்டு வந்துடலாமா?"

மாமியார் அதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். "நானும் வரேன்," என்று எழுந்த கணவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

லிஃப்ட் வந்து நின்றது. பழையதை எடுத்துவிட்டு இந்த வருடம்தான் புதிதாகப் போட்டிருந்தார்கள். தான் குடியிருக்கும் கட்டிடத்தை ஆய்வாளர் சோதிக்கக்கூடாது என்பது விதி. அதனால் இதற்கு மட்டும் வெளியூர் ஆய்வாளர் ஒருவர் கையெழுத்துப் போட்டார். அவள் மோட்டார் அறைப் பக்கம்கூடப் போனதில்லை.

மாமியாரும் கணவனும் உள்ளே ஏறினார்கள். நலம்விரும்பி வெளியே நின்றபடியே கையை நீட்டித் தரைத்தளத்துப் பொத்தானை அழுத்தினார். "நீங்க முன்னாடி போங்கம்மா. பின்னாலயே வரேன்."

கதவு மூடிக்கொண்டது. பெட்டி இறங்கும் முனகல் கேட்டது. அவர் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

"சார்," என்றாள். "நீங்க ஏன் அதுல போகல?"

முதல் படியில் கால் வைத்தவர், வழக்கமாக நலம் விசாரிக்கும் அதே குரலில் சொன்னார்:

"அதுலயும் என் பிரேக்தானே மேடம்."