பாலத்தின் மேல் ஒரு வழுக்கை

நாளை மறுநாள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கூட்டக்காரியின் குட்டு உடைந்தது.

கார்ட்டூன் ஸ்டுடியோவில் அவளுக்கு அதுதான் பெயர். ரோபோவை வரைவது அவள் அண்ணன்; அதன் காலடியில் ஓடுகிற ஜனங்களை வரைவது அவள். முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்தார்கள். மலை உயர ரோபோ எதிரியைத் துரத்திக்கொண்டு வந்து பாலத்தில் கால் வைத்தது. பாலம் நொறுங்கியது. மேலே நின்ற கூட்டம் தூசியானது. அடுத்தது வெற்றிக் காட்சி. அதே மஞ்சள் குடைக்காரியும் அதே வழுக்கைத் தலையரும் பல்லெல்லாம் தெரியக் கை தட்டினார்கள்.

டைரக்டர் படத்தை நிறுத்தினார். "ஏம்மா, செத்தவங்க எப்படிக் கை தட்டுறாங்க?"

"நேரமில்ல சார். அதே ஆளுங்களை எடுத்து ஒட்டிட்டேன்."

"சோம்பேறிக் கழுதை," என்றான் அண்ணன். "வெற்றிக் காட்சியில புகையைப் போட்டு மூடிடலாம் சார். சின்ன வேலை."

"மூடு. கூட்டம்தானே," என்றார் டைரக்டர்.

அதோடு அவள் தப்பித்திருப்பாள். வாய் சும்மா இருந்தால்தானே?

"மூடிட்டா, ஊரைக் காப்பாத்தினதுக்கு யாரு சார் கை தட்டுறது? புகையா?"

"இன்னைக்கே வேலையை விட்டுப் போகணுமா உனக்கு?"

"போறேன். அதுக்கு முன்னாடி அந்த வழுக்கையைப் பெரிசாக்கிப் பாருங்க."

அண்ணன் பெரிதாக்கினான். மூக்கோரத்தில் மரு. சட்டைப் பையில் இரண்டு பேனா. கூட்டத்துக்கு ஸ்டுடியோ ஆட்களின் முகத்தையே வைப்பது அவள் வழக்கம். இதுவரை யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

டைரக்டரின் கை தானாகத் தன் வழுக்கைத் தலையைத் தடவியது. "என்னையா மிதிச்சீங்க?"

"மாசக் கணக்கா மிதிச்சுக்கிட்டிருக்கோம் சார்," என்றான் அண்ணன்.

அறையே வெடித்துச் சிரித்தது. டைரக்டர் சிரிக்கவில்லை. படத்தைப் பின்னால் ஓட்டினார். கால் இறங்கியது. மறுபடி ஓட்டினார். மறுபடி இறங்கியது. திடீரென்று நாற்காலி உருண்டோட எழுந்தார்.

"காலை நிறுத்து! வைக்கப் போறப்ப கீழே பார்க்கிறான். ஆளுங்க நிக்கிறாங்க. வைக்க மாட்டான்!"

"வைக்கலைன்னா விழுந்துடுவானே சார்!"

"விழட்டும்! எதிரியையும் இழுத்துக்கிட்டு ஆத்துல விழட்டும்!"

"கை உடைஞ்சிடும்!"

"உடையட்டும்டா! இரும்புதானே!"

அண்ணன் அதற்குள் வரைய ஆரம்பித்திருந்தான். "அடியே, குடையைப் பறக்க விட்டுடாதே, கடைசியில வேணும்!"

"தெரியும், நீ காலைப் பாரு!"

மறுநாள் கால் அந்தரத்தில் நின்றது. ரோபோ தள்ளாடி, எதிரியைக் கட்டிக்கொண்டு ஆற்றில் சரிந்தது. பாலத்தில் எல்லோரும் தொப்பலாக நனைந்தார்கள், ஒருவரும் சாகவில்லை. வழுக்கைத் தலையர் மட்டும் முஷ்டியை உயர்த்தி ரோபோவைத் திட்டினார், சத்தமில்லாமல்.

"இவருக்கு யாரு சார் குரல்?" என்று கேட்டாள் அவள்.

டைரக்டர் மைக் அறைக்குள் பாய்ந்திருந்தார். கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது.

"கண்ணு தெரியலையாடா, தகர மாடு! மனுஷங்க நிக்கிறோம்!"