முனியாண்டிக்கு எடுத்த சோறு

மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒரு பிடி சோறு குடியிருப்பின் முள்வேலியைத் தாண்டினால் துப்பாக்கி தாண்டியது போலத்தான். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். இது முத்தாயிக்கும் தெரியும். ஆனால் மகளுக்குக் காய்ச்சல் இறங்கினால் முனியாண்டிக்குச் சோறு வைப்பதாக அவள் வேண்டியிருந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. முனியாண்டியோ வேலிக்கு வெளியே, ரப்பர் காட்டுக்குள் இருந்தார். சொன்ன வார்த்தையைச் சாமியிடம் மாற்றிப் பேச முடியுமா?

புருஷன் காளிமுத்துவிடம் சொன்னால் நடக்காது. "ஒன் சாமி கூப்பன் எடுத்து அரிசி வாங்கட்டும்லா" என்று கேலி பேசுகிற ஆள் அவன். கேட்டில் பெண்களைத்தான் அதிகம் துருவுவார்கள் என்று, அவனுக்குத் தெரியாமல் அவனுடைய ரப்பர் பால் வாளிக்குள் கந்தல் துணிக்கு அடியில் சோற்றுப் பொட்டலத்தை ஒளித்து வைத்தாள். இருவருக்கும் ஒரே பக்கம்தான் மரத்தில் பால் வெட்டும் வேலை. அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

கேட்டில் போலீஸ்காரர்கள் வாளியைக் கவிழ்த்தார்கள். காளிமுத்து சோற்றைப் பார்த்தான். பின்னால் நின்ற முத்தாயியைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது.

"என்னோடதுதான். பசிக்குமேன்னு எடுத்தேன்" என்றான்.

அவனை லாரியில் ஏற்றினார்கள். பிள்ளையின் முகம் கண்முன் நின்றது, முத்தாயியின் வாயை அடைத்துவிட்டது.

"கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க போல" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொன்னதும் வீட்டுக்கு ஓடி விளக்கின் முன்னால் விழுந்தாள். முதலில் கெஞ்சினாள். கிடா வெட்டுகிறேன் என்றாள், முடி இறக்குகிறேன் என்றாள். பிறகு அழுகை கோபமாக மாறியது.

"ஒனக்குத்தானய்யா எடுத்தேன்! ஒரு பாவமும் அறியாத மனுசன் உள்ள கெடக்குறாரு. இது யாரு சோறுன்னு சொல்ல ஒனக்கு வாயில்லையா?"

சொல்லி முடித்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. சாமிக்கு இல்லாத வாய் அவளுக்கு இருந்ததே!

"தைரியத்த மட்டும் குடுப்பா" என்று எழுந்தாள். பக்கத்து வீட்டு அன்னம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு, போலீஸ் ஸ்டேஷன் இருந்த ஜாசினுக்கு பஸ் ஏறினாள்.

ஸ்டேஷனில் ஒரு மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் உட்கார்ந்திருந்தார். தெரிந்த மலாயில், அந்தச் சோறு தன்னுடையது, சாமிக்கு எடுத்தது, புருஷனுக்கு ஒன்றும் தெரியாது என்று கொட்டித் தீர்த்தாள். "வாயில வச்சுப் பாருங்க துவான், உப்பு இருக்காது. சாமிக்கு உப்புப் போட மாட்டோம். மனுசன் திங்கிற சோறா இது?"

சார்ஜன் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பருக்கையை நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். உள்ளே போய்ப் பெரிய அதிகாரியிடம் வெகுநேரம் பேசினார். இனிமேல் இப்படிச் செய்தால் இருவருக்கும் ஜெயில்தான் என்று கத்திவிட்டுத்தான் கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே வந்த காளிமுத்துவுக்குச் சந்தோஷமே இல்லை. தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏன் புள்ள வந்த? ஒன்னையும் புடிச்சுப் போட்டிருந்தா? நீ மட்டும் இங்க வந்துறக் கூடாதுன்னு காலையிலேருந்து முனியாண்டியத்தான் கும்புட்டுக்கிட்டு இருந்தேன்."

கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதன். முத்தாயி அவனையே பார்த்தாள்.

"நீங்களா கும்புட்டீங்க?"

"ஆமா. புதுசா வந்தவன் பேச்சை அவரு எங்க கேட்டாரு?" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. நடுரோட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான்.