ஒரே வாசலில் நாலு காவல்

பதினொரு மணிக்கு அக்காவுக்கு வேலை நேர்காணல், மடிக்கணினியிலேயே முகம் காட்ட வேண்டும். பத்தரைக்குப் பார்த்தால், அப்டேட் செய்யாமல் திறக்க மாட்டேன் என்று நேர்காணலுக்கான வீடியோ செயலி அடம்பிடிக்கிறது. மூன்று தடவை முயன்றும் அப்டேட் எண்பது சதவீதம் வரை ஏறிப் பொத்தென்று விழுந்தது. அக்கா அழுவதற்குள் தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பின்னணியில் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வைரஸ் தடுப்பு மட்டும் நாலு! ஒன்றை நம்பாமல், அதைக் கண்காணிக்க இன்னொன்று என்று ஏற்றி வைத்தவர் அக்கா வீட்டுக்காரர். தெருவுக்கே கணினி வைத்தியம் பார்க்கிற புண்ணியவான்!

“மாமா, வாசல்ல நாலு நாயைக் கட்டி வச்சா தபால்காரர் எப்படி உள்ள வருவார்? ஒண்ணு விட்டா இன்னொண்ணு கடிக்குது.”

“பாதுகாப்பும்மா!”

“உங்க பாதுகாப்புல அக்காவுக்கு வேலையே கிடைக்காது.”

ஒன்றை விட்டுவிட்டு மூன்றை அடியோடு நீக்கி, கணினியை அணைத்து மறுபடி போட்டு, அப்டேட்டை ஓடவிட்டாள். எண்பது, தொண்ணூறு, நூறு! அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் நாற்காலி கவிழ்ந்தது. பதினொன்றுக்கு ஒரு நிமிடம் இருக்கையில் அவள் முகம் திரையில் மலர்ந்தது.

“ஒண்ணே ஒண்ணு போதுமா?” என்று மாமா மவுஸ் பக்கம் நகர்ந்தார். மச்சினி அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.