பச்சை பெயிண்ட் இரண்டு கோட்

என் கணவர் தனபாலுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. தென்னந்தோப்பில் புல் ஒரு சாணுக்கு மேல் வளரக் கூடாது. அதைத் தானேதான் வெட்ட வேண்டும். இடது முழங்காலையே டாக்டர்கள் மாற்றிவிட்டார்கள், இந்தப் பிடிவாதத்தை அவர்களால் மாற்ற முடியவில்லை. தோளில் மாட்டும் புல்வெட்டி மிஷினை இனித் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இவர் நேராகப் போய், கோயம்புத்தூரில் மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து, உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி ஒன்றை வாங்கி வந்து எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் இறக்கினார். ஸ்டியரிங், சீட்டு, அடியில் சுழலும் பிளேடு என்று பார்க்க டிராக்டர் போட்ட குட்டி மாதிரி இருந்தது.

"ஏனுங்க, மூணு ஏக்கராத் தோப்புக்கு இப்படியொரு தேரா?" என்று கேட்டேன்.

"நீயும் ஏறிக்கோ புள்ளே, ரெண்டு பேருமாப் போலாம்" என்றார்.

ஒரே சீட்டுள்ள வண்டி அது. ஆனாலும் அந்த மழைக்காலம் முழுக்க அவர் ராஜாவாகத்தான் இருந்தார். காலையில் ஏறினால் கிழக்கு வரப்பு வரை போய், ஒவ்வொரு மரத்தையும் விசாரித்துவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவார். முழங்கால் மாற்றிய பிறகு மேடு பள்ளத்தில் அவ்வளவு தூரம் நடக்க அவரால் ஆகாது. அந்த வண்டிதான் அவருக்குத் தோப்பைத் திருப்பிக் கொடுத்தது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அடுத்த இரண்டு மாதம் நான் செய்ததைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

ஐப்பசியில் ஒரு நாள் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் அரைச் சுற்று சுற்றி, ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிடும். மறுபடி திருப்பினால் மறுபடி டொக்.

"பேட்டரி" என்றார் இவர். ஒருவர் வந்து புது பேட்டரி மாட்டினார். டொக். இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார் ஒரு மெக்கானிக். டொக். இன்னொருவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்ப, இன்ஜின் லேசாகச் சுற்றியது. "பாத்தீங்களா, வால்வுலதான் கோளாறு" என்று மூடியைத் திறந்து, இடைவெளியை அளந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வருத்தத்தோடு மூடிவிட்டுப் போனார். பிளக்கை மாட்டியதும் டொக்.

எனக்குக் கேட்கவா வேண்டும்? நான் அங்கன்வாடி டீச்சர். நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்தால், வீட்டில் ஒரு பெரிய பிள்ளை ஓடாத வண்டியில் உட்கார்ந்திருக்கும். "கறவை மாடு வாங்கியிருந்தா இன்னேரம் தயிராச்சும் தோஞ்சிருக்கும்" என்பேன். "டிரைவர், வண்டி எப்பக் கெளம்பும்? சித்தூர் வரைக்கும் ஒரு டிக்கெட்" என்பேன். அவரும் சிரிப்பார். அவர் சிரித்ததால்தான் எனக்கு வாய் நீண்டது.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன்: "அங்கன்வாடிப் புள்ளைக கேக்குது, டீச்சரூட்டுத் தாத்தா ஏன் பொம்மை வண்டியில உக்காந்திருக்காருன்னு."

அன்று அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் காபியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அத வித்துரு புள்ளே" என்றார்.

நான் ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. போனில் படம் எடுத்து, 'ஓடாத நிலையில்' என்று எழுதி விளம்பரம் போட்டேன். அரை மணி நேரத்தில் குமுளியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பெயர் சூசையப்பன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். இப்போது வீட்டை ஒட்டி விருந்தினருக்கு அறைகள் கட்டி, முன்னால் புல்தரை போட்டிருக்கிறாராம். "ஓடலன்னாலும் பரவால்ல தங்கச்சி, சனிக்கிழமை வந்து ஏத்திக்கிருதேன்" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் இவர் எழுந்து, வண்டியைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்கப்போகிற மாட்டைக் குளிப்பாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படித்தான் இருந்தது. நான் உள்ளே போய் அடுப்பில் இல்லாத எதையோ கிளறினேன்.

பதினோரு மணிக்குப் பிக்கப் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் நரைத்த மீசையும் கழுத்தில் ஜெபமாலையுமாக இருந்தார். மோர் வாங்கிக் குடித்துவிட்டு நேராகப் புல்வெட்டியிடம் போய்க் குனிந்தார்.

"அண்ணாச்சி, ஒரு தடவ சாவியத் திருப்புங்க. கோளாறு என்னன்னு தெரிஞ்சிக்கிட்டா மேல போய் ரிப்பேர் பாக்கச் சுளுவா இருக்கும்."

இவர் திருப்பினார். டொக். இன்னொரு முறை. டொக், ஒரு முனகல்.

சூசையப்பன் ஆக்சிலேட்டர் கம்பியை இரண்டு விரலால் தொட்டார். உடனே கையை உதறினார். "ஆத்தீ! சுடுதே! இங்க தொட்டுப் பாருங்கண்ணாச்சி."

இவர் தொட்டார். நானும் தொட்டேன். சாம்பார் கரண்டி மாதிரி சுட்டது.

"ஆக்சிலேட்டர் கம்பிக்கு இங்க என்ன சோலி? பேட்டரியில இருந்து கரண்டு மோட்டாருக்குப் போகுது சரி, திரும்பி வரணும்லா? வார ரோட்டை யாரோ அடைச்சிருக்காவ. அதுக்குப் போக்கிடம் இல்லாம இந்தச் சின்னக் கம்பி வழியா முட்டி மோதி வருது."

பிக்கப்பிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் கவ்வ வைத்தார், மறுமுனையை இன்ஜினிலேயே ஒரு போல்ட்டில். "இப்பத் திருப்புங்க."

வண்டி ஒரே உறுமலில் கிளம்பிவிட்டது. இரண்டு மாதமாகக் கேட்காத சத்தம். இவர் சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது.

சூசையப்பன் அணைக்கச் சொன்னார். பேட்டரியிலிருந்து போகும் கறுப்பு ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே போய், அது வண்டியின் இரும்புச் சட்டத்தில் சேரும் போல்ட்டைக் கண்டுபிடித்துக் கழற்றினார். அடியில் பளபளவென்று பச்சை பெயிண்ட். பேனாக்கத்தியால் சுரண்டினார். அதற்கடியில் இன்னொரு பச்சை.

"ரெண்டு கோட்டு அடிச்சிருக்காவ!" என்று சிரித்தார். "இரும்பும் இரும்பும் தொட வேண்டிய இடம் இது. பெயிண்ட மீறிக் கரண்டு எப்படிப் போகும்? எந்தப் புண்ணியவான் இந்த வேலையப் பாத்தது?"

புண்ணியவதி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஆயுத பூஜைக்கு முன்னால் இவர் கோயம்புத்தூருக்குச் செக்கப்புக்குப் போய் மூன்று நாள் தங்கினார். நான் மோட்டார் ரூம் கதவிலிருந்து கடப்பாரை வரை எல்லாவற்றையும் கழுவினேன். அங்கன்வாடிக் கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த பச்சை பெயிண்டை எடுத்துக்கொண்டு இந்த வண்டியிடம் வந்தேன். அந்தப் போல்ட் துருப்பிடித்துப் பார்க்கச் சகிக்கவில்லை. கழற்றி, ஒயரை ஒதுக்கி, அடி, மேல், ஒயர் நுனி என்று ஒரு இடம் விடாமல் அடித்து, காய்ந்ததும் இன்னொரு கோட் கொடுத்து, திரும்ப முடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஊரிலிருந்து வந்து பார்த்தவர் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். அதன் பிறகு நல்லபடியாக ஓடியது ஒரு வாரம்கூட இருக்காது.

"நாந்தானுங்ண்ணா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

சூசையப்பன் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அது சரி. மூணு பேரு பாத்தாவன்னு போன்ல சொன்னீயளே, ஒருத்தன்கூடவா இந்தப் போல்ட்டக் கழத்திப் பாக்கல?"

இவர் சீட்டில் இருந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார்.

"பேட்டரி மாட்ட வந்தவரு கழட்டிச் சுரண்டிப் பாக்கறேன்னுதான் சொன்னாருங்க. நாந்தான் வேண்டான்னுட்டேன். ஊட்டுக்காரி ஆசையா அடிச்ச பெயிண்டு. எதுக்குப் போட்டுச் சுரண்டறதுன்னு..."

மாடு, தயிர், சித்தூர் டிக்கெட், பொம்மை வண்டி என்று நான் சொன்னதெல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றது. அத்தனைக்கும் சிரித்துக்கொண்டு, என் பெயிண்டுக்குக் காவல் இருந்திருக்கிறார் மனிதர். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்தேன்.

இவர் மெல்ல இறங்கி, சாவியை உருவி, சூசையப்பனிடம் நீட்டினார். "இனி உங்களுக்குத் தொந்தரவில்லீங்க. நல்லா ஓடும்."

நான் குறுக்கே போய் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டேன். "மன்னிச்சுக்கோணுங்ண்ணா. அத்தாந் தூரத்துல இருந்து வந்திருக்கறீங்க. ஆனா வண்டியத் தர முடியாதுங்."

"நெனச்சேன் தங்கச்சி. அந்த ஒயரக் கவ்வ விடும்போதே, நம்ம வியாபாரத்துக்கு நாமளே வேட்டு வைக்கமேன்னு நெனச்சேன்." அவர் கோபப்படவில்லை. "சோறாவது உண்டா, இல்ல அதுக்கும் பெயிண்ட் அடிச்சிட்டீயளா?"

போல்ட் இருந்த இடத்தை ஒரு ரூபாய்க் காசளவுக்கு இரும்பு தெரியச் சுரண்டி, ஒயர் நுனியையும் சுரண்டி, அவரே முடுக்கிக் கொடுத்தார். கிளம்பும்போது பிக்கப் நிறையத் தேங்காய் ஏற்றி அனுப்பினோம்.

அதற்கு முன்பே, சூசையப்பன் கை கழுவுவதற்குள், இவர் என்னிடமிருந்து சாவியை வாங்கி வண்டியோடு போய்விட்டார். இலை போட்டுவிட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். கேட்கவில்லை. இரண்டு மாதமாக, முணுமுணுத்தால்கூடக் கேட்கிற தூரத்தில் இருந்தவர். தோப்புக்குள் இறங்கிப் போய் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். தூரத்தில், கிழக்கு வரப்போரம், இடுப்பளவுப் புல்லுக்கு மேலே அவர் தலை மட்டும் தெரிந்தது. ஒரு மரத்தைச் சுற்றிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது முறை கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். சோறு ஆறினால் ஆறட்டும்.