ஓரத்து வெள்ளைக் கோடு

நான் எக்ஸ்ரே எடுப்பவள். படிப்பவள் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய சுவர் இருக்கிறது என்பது எங்கள் துறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக எலும்பைத்தான் பார்க்கிறேன். ஆனாலும் ஒரு நோயாளியிடம் "இது ஒண்ணுமில்லைங்க, வீட்டுக்குப் போங்க" என்று சொன்னேனென்றால் என் சீட்டு கிழிந்துவிடும். அதனால் "அசையாதீங்க, அவ்வளவுதான், எழுந்திரிங்க" என்பதோடு வாயை மூடிக்கொள்வேன். நான் வாயை மூடிக்கொள்ளும் இடம் ஒன்று உலகத்தில் உண்டு என்றால் என் வீட்டுக்காரர் நம்பவே மாட்டார்.

படிப்பவர் எங்கள் டாக்டர். எலும்புப் படத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. என்னைவிட நான்கு வயது இளையவர். ஆள் இல்லாதபோது "அக்கா" என்பார், நாலு பேர் இருந்தால் "மேடம்". கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியில். யாராவது போனில் படத்தைக் காட்டி "சார், ஒரு நிமிஷம்" என்று வந்தால் தொலைந்தார்கள். "உள்ளங்கை அகலத்துல எலும்பு தெரியுமாய்யா? வேணும்னா கைரேகை பார்த்துச் சொல்றேன், போ!" என்று விரட்டுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் அந்தத் திங்கட்கிழமை காலை முகத்தில் ஈயாடாமல் வந்து என் மேஜைமேல் ஒரு சிடியை வைத்தார்.

"வாலுவோட படம்க்கா. சிஸ்டத்துல ஏத்திடுங்க. வியாழக்கிழமை ஆபரேஷன்ல பார்க்கணுமாம்."

வாலு அவருடைய மகள். பன்னிரண்டு வயது. ஓட்டக்காரி. பள்ளி விடுமுறை என்றால் இங்கே வந்து என் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து தலை கிறுகிறுக்கும்வரை சுற்றுவாள். என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"ஆபரேஷனா? அவளுக்கு என்ன வந்துச்சு?"

சொன்னார். போன புதன்கிழமை ஓடும்போது விழுந்திருக்கிறாள். முட்டி வீங்கியிருக்கிறது. அவருடைய நண்பர், எலும்பு சர்ஜன், தன் கிளினிக்கிலேயே படம் எடுத்திருக்கிறார். முட்டியில் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு மேலே, தொடை எலும்பின் கீழ்முனையில், எதிர்பாராமல் ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. உடனே அதைப் போனில் அப்பாவுக்கு அனுப்பிவிட்டார்.

"பார்த்ததும் கை கால் ஓடலக்கா. பக்கத்துல அவ அம்மா அழுதுட்டு நிக்கிறா. கெட்ட கட்டியா இருந்துட்டா..." சிடியை என் பக்கம் நகர்த்தினார். "எலும்பைத் திறந்து ஒரு துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்னான். சரின்னுட்டேன்."

"பெரிய ஸ்கிரீன்ல பார்த்தீங்களா?"

"பெத்தவன் படிக்கக் கூடாதுக்கா. என் கண்ணை நானே நம்ப மாட்டேன். ஜூனியர் டாக்டருக்குப் போன்ல அனுப்பினேன். 'உறுதியாகச் சொல்ல இயலாது'ன்னு எழுதிட்டா."

எழுதாமல் என்ன செய்வாள்? மேலதிகாரியின் மகள் எலும்பைப் பற்றி உறுதியாக எழுத எந்த ஜூனியருக்குத் துணிச்சல் வரும்?

அவர் போனதும் சிடியைப் போட்டேன். படம் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முட்டிக்குச் சற்று மேலே, எலும்பின் ஒரு பக்கத்தை ஒட்டி, கறுப்பாக ஒரு திட்டு. நாலைந்து சோப்புக் குமிழிகள் ஒட்டிக்கொண்ட வடிவம். அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு, எங்கேயும் அறுபடாமல். எலும்பின் மேல்தோடு முழுசாக இருந்தது. வெங்காயத்தோல்போல அடுக்கடுக்காகப் புது எலும்பு கிளம்பவில்லை. வெளியே சதைக்குள் எதுவும் பிதுங்கவில்லை. இந்தக் குமிழிப் படத்தை நான் எத்தனை பிள்ளைகளுக்கு எடுத்திருக்கிறேன் என்று கணக்கே கிடையாது. ஒவ்வொரு முறையும் டாக்டர் சொல்வது ஒரே வசனம்: "வளர்ற பிள்ளைங்களுக்கு வர்ற சமாச்சாரம். தொடாதே. தானா மறையும்."

அட மனுஷா! எனக்கு வந்த கோபத்தில் சிடியை இரண்டாக ஒடித்திருப்பேன். ஒன்றுமில்லாததற்காக அந்தப் பிள்ளையின் காலைக் கீறப் போகிறார்கள். அதுவும் தினமும் ஓடுகிற காலை.

நான் சொன்னால் எடுபடாது. "பாசத்துல சொல்றீங்கக்கா" என்பார். சர்ஜனோ எக்ஸ்ரே எடுப்பவள் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அவர் மறு பேச்சில்லாமல் கேட்பது ஒரே ஒருவர் வார்த்தையைத்தான். அந்த ஒருவர், எங்கள் டாக்டர், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. திங்கட்கிழமைதோறும் பத்து மணிக்கு டாக்டர் படிக்கப் பத்துப் படம். நான் பொறுக்கிப் போடுவேன். திரையில் பெயர் வரும் மூலையில் பிளாஸ்டர் ஒட்டிவிடுவேன். யார், யார் அனுப்பினார்கள், வேறு டாக்டர் என்ன சொன்னார், எதுவும் தெரியக் கூடாது. டாக்டர் மூன்றே கேள்விதான் கேட்பார்: வயசு என்ன, எந்த இடம், ஓரம் எப்படி. முதல் கேள்விக்கு நான் பதில் சொல்வேன். மற்ற இரண்டுக்கும் படம் சொல்லும். அவர் ஏற்படுத்திய பழக்கம்தான் இது.

வாலுவின் படத்துக்கு ஒரு நகல் எடுத்தேன். அசலைத் தொடவில்லை. போனில் பார்த்த படம் என்று அவருக்கு அடையாளம் தெரியாதபடி நகலை இடம் வலமாகத் திருப்பினேன். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. எங்களிடம் பிழை நோட்டு என்று ஒன்று இருக்கிறது. தப்புச் செய்தவர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் முதல் பக்கத்தில் இருப்பது என் பெயர், வலது கையை இடது என்று குறித்ததற்காக. அன்றிலிருந்து இடம் வலம் விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது தெரிந்தே செய்தேன்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார், கூடவே ஜூனியர் பெண். முதல் ஏழு படங்களையும் சுரத்தே இல்லாமல் படித்தார். ஆனால் ஒன்றுகூடத் தப்பவில்லை. எட்டாவதைப் போட்டேன்.

"வயசு?"

"பதிமூணு. பையன்."

ஜூனியர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிட்டாள். வாயைத் திறந்தால் தெரியும் சேதி என்று ஒரு முறை முறைத்தேன். அடங்கிவிட்டாள்.

டாக்டர் முன்னால் குனிந்தார். எனக்கு அப்போதுதான் திக்கென்றது. நான் படிப்பவள் இல்லையே. அவர் வாயால் வேறு மாதிரி வந்துவிட்டால்?

"என்ன மேடம், இதைப் போய்ப் போட்டிருக்கீங்க? கண்ணை மூடிட்டுச் சொல்லலாம்." அன்று முதல் முறையாக அவர் குரலில் உயிர் வந்தது. "வளர்ற வயசு. இடம் முட்டிக்கு மேல, ஓரமா. சரியா அது வழக்கமா உட்கார்ற இடம். ஓரத்தைப் பாருங்க, வெள்ளைக் கோடு. எலும்பு பதறாம, நிதானமா வேலி கட்டியிருக்கு. கெட்ட கட்டி அவசரக்காரன், வேலி கட்ட நேரமே கொடுக்க மாட்டான். இது சாது."

"ஒரு... துண்டு எடுத்துப் பார்க்க வேண்டாமா சார்?" என்றாள் ஜூனியர். சபாஷ் பெண்ணே.

"எதுக்கு? எந்த மடையன் எடுக்கச் சொன்னான்?"

"ஒரு டாக்டர்தான் சார் சரின்னிருக்கார்" என்றேன்.

"அவர்கிட்ட நான் பேசறேன். எலும்பு அகலத்துல மூணுல ஒரு பங்குகூட இல்ல, உடையாது. பையனை விளையாட விடுங்க. வளர வளர அந்த இடம் தானா நிரம்பிடும். முதல்ல பெத்தவங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்க மேடம். பாவம், தூங்கியிருக்க மாட்டாங்க."

"தூங்கலைதான் சார்" என்று எழுந்து போய்ப் பிளாஸ்டரை உரித்தேன்.

பெயரைப் படித்தார். பிறகு நாற்காலி பின்னால் போய் விழும்படி எழுந்தார்.

"படத்தைத் திருப்பினீங்களா?"

"திருப்பினேன்."

"பதிமூணு? பையன்?"

"மூணு பொய் சொன்னேன் சார். ஆனா அந்த வெள்ளைக் கோடு நான் போட்டதில்ல."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "அசலைப் போடுங்க" என்றார். போட்டேன். நின்றபடியே திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து, அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து, ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தார். பக்கவாட்டுப் படத்தைக் கேட்டார். அதிலும் சுற்றினார். "வயசு பன்னிரண்டு" என்று தனக்குத்தானே ஆரம்பித்தார், குரல் உடைந்துவிட்டது. திரையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜூனியர் கதவைச் சாத்தினாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "நோட்டை எடுங்க."

எடுத்தேன். 'இன்று ஒரு படத்தின் நகலைத் தெரிந்தே திருப்பிப் போட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து எனக்குக் கீழே ஏதோ எழுதிவிட்டு, போனை எடுத்தார்.

"டேய், வியாழக்கிழமை வேண்டாம். ஆமா, நான்தான் படிச்சேன். நீயும் பெரிய ஸ்கிரீன்ல போட்டு ஓரத்தைப் பாரு, பார்த்துட்டுக் கூப்பிடு." ஐந்து நிமிடத்தில் நண்பர் கூப்பிட்டார். என்ன சொன்னாரோ, இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அடுத்து வீட்டுக்குப் போட்டார். மனைவி குரல் கேட்டதும் பேச்சு வராமல் போனை என்னிடம் நீட்டினார்.

நல்ல சேதியை நானே என் வாயால் சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. அந்தப் பக்கம் அம்மா அழ, அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு வாலு கத்தினாள்: "அத்தை! அப்ப நான் நாளைக்கு ஓடலாமா?"

"வீக்கம் வடியட்டும்டி, அப்புறம் நீ ஓடு, உன்னை யார் பிடிக்க முடியும்?" என்றேன்.

மீதி இரண்டு படங்களையும் அவர் படித்து முடித்துப் போன பிறகு, நோட்டைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்துக்குக் கீழே எழுதியிருந்தார்:

'போனில் படம் பார்த்தேன். பெயரை மட்டும் பார்த்தேன். ஓரத்தைப் பார்க்கவில்லை.'